நாற்பத்தேழாம் ஊருக்கு வழி

பெயர் சொல்லப் போவதில்லை. அவருடைய பிள்ளைகள் இன்னமும் மாட்டுங்காவில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தமிழ் வாசிக்க வராது. ஆனால் வாசித்துக் காட்டி வத்தி வைப்பதற்கு ஒவ்வொரு பில்டிங்கிலும் ஒரு மாமா உண்டு. ஆகவே வெறும் 'அவர்'.

அறுபதுகளின் கடைசியில், கர்னாக் பந்தர் பக்கம் ஒரு லாரிக் கம்பெனியில் அவர் எங்கள் செக்ஷன் ஹெட். அவருக்குக் கீழே நான் குப்பை கொட்டிக்கொண்டிருந்தேன். அவர் கொட்டிய குப்பையை அள்ளிக்கொண்டும் இருந்தேன் என்று சேர்த்துச் சொன்னால்தான் சரியாக இருக்கும்.

அவர் வாயால் 'தெரியாது' என்று சொல்லி யாரும் கேட்டதில்லை. எல்லாம் தெரிந்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். தெரிந்தது கொஞ்சம்தான். ஆனால் யாராவது ஒரு கேள்வி கேட்டுவிட்டால் அதைத் தரையில் விழ விடமாட்டார். முதலில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார். கழற்றிவிட்டால் எதிரே நிற்பவன் முகம் அவருக்குப் புகைமூட்டம். பதில் சொல்ல அது வசதி. "சிம்பிள் ஓய்" என்பார். அதற்குப் பிறகு வருவதை நம்புகிறவனுக்கு அவன்தான் பொறுப்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாட்டுங்கா ஸ்டேஷன் வாசலில் அவரும் நானும் நின்றுகொண்டிருந்தோம். ஊரிலிருந்து அன்றைக்குத்தான் வந்திறங்கிய ஒரு குடும்பம், டிரங்குப் பெட்டி, கூஜா, தூக்கக் கலக்கத்தில் பிள்ளைகள் சகிதம், நேரே அவரிடம் வந்தது. நான் பக்கத்தில் நின்றாலும் ஜனங்கள் அவரிடம்தான் வழி கேட்பார்கள். வெள்ளை வெளேரென்று ஃபுல் ஸ்லீவ் சட்டை, பையில் பேனா, நெற்றியில் ஒரு தீர்மானம். என் முகமோ, எனக்கே யாராவது வழி சொன்னால் தேவலை என்பது போன்ற முகம்.

"செம்பூருக்கு எப்படிப் போகணும் சார்?"

நான் குடியிருப்பதே செம்பூரில். வாயைத் திறந்தேன். அதற்குள் கண்ணாடி கழன்றுவிட்டது.

"சிம்பிள். இப்படியே மேற்கால போங்கோ. ரயில் பாலத்தைத் தாண்டினா ஒரு பெரிய ரோடு வரும். அங்கே யாரைக் கேட்டாலும் சொல்லுவா."

செம்பூர் இருப்பது கிழக்கே. அவர் அந்தத் திசையில் சயானைத் தாண்டிப் போனதே கிடையாது. நான் ஓடிப்போய் அந்தக் குடும்பத்தைத் திருப்பி, பஸ் ஏற்றிவிட்டு மூச்சிரைக்க வந்தேன். அவருக்கு முகம் சிவந்திருந்தது.

"நீர் எதுக்கு ஓய் நடுவுல புகுந்தீர்? நான் சொன்ன வழியில போனா போய்ச் சேர மாட்டாளா?"

"சேருவாங்க சார். மாஹிம் கடல்ல."

"தெரியாதுன்னு சொல்லியிருந்தா, பாவம், அங்கேயே பெட்டியை வச்சுண்டு நின்னுண்டிருப்பா. ஒரு வழியைச் சொல்லிட்டா நடக்கவாவது செய்வாளோல்லியோ? மனுஷாளுக்கு வேண்டியது தைரியம் ஓய். வழியெல்லாம் அப்புறம்."

இதை அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அதுதான் பயங்கரம்.

இவ்வளவும் பார்த்த பிறகும் அவர் பேச்சைக் கேட்டு ரயில் ஏறியவன் நான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். டோம்பிவிலியில் எனக்குப் பெண் பார்க்க ஏற்பாடு. அப்பாவும் அம்மாவும் முன்னாலேயே போய்விட்டார்கள். நான் ஆபீஸிலிருந்து நேரே போய்ச் சேர வேண்டும். தாதர் பிளாட்ஃபாரத்தில் ஒரு ஃபாஸ்ட் லோக்கல் வந்து நின்றது. யாரிடம் கேட்கக்கூடாதோ அவரிடமே, "சார், இது டோம்பிவிலில நிக்குமா?" என்று கேட்டேன்.

"ஏறும் ஓய். நிக்காம எங்கே போகும்?"

எங்கே போகும் என்று பிறகு தெரிந்தது. டோம்பிவிலி ஒரு மஞ்சள் போர்டாக என் கண்ணெதிரே வந்து, அதே வேகத்தில் பின்னால் போயிற்று. கல்யாணில் கதவருகே போக முடியவில்லை. அம்பர்நாத்தில் பிதுங்கி இறங்கி, ஷிஃப்ட் முடிந்து ஏறுகிற ஃபாக்டரிக் கூட்டத்தில் நசுங்கி, திரும்பி டோம்பிவிலி வந்து சேர்ந்தபோது சட்டையில் பாதிப் பொத்தான் இல்லை. பெண் வீட்டார் கேசரி கொடுத்தார்கள், பதில் கொடுக்கவில்லை. மறுநாள் அவரிடம் போய் முறையிட்டேன்.

"அப்படியா? அப்போ டைம்டேபிளை மாத்திட்டான் ஓய். சொல்லாம கொள்ளாம மாத்தறான் பாரும்" என்றார்.

அவர் சொன்ன பதில் தப்பாகப் போனால், தப்பு ரயில்வேயினுடையது. அல்லது வானிலையினுடையது. அல்லது அந்த நேரத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் யார் இருக்கிறார்களோ அவர்களுடையது.

எங்கள் முதலாளியை எல்லோரும் சேட் என்போம். குஜராத்தி. வாலிபத்தில் தானே லாரி ஓட்டியவர். லாரி கவிழ்ந்தால் டிரைவரைத்தான் கேட்பேன், கிளீனரைக் கேட்க மாட்டேன் என்பது அந்த நாளில் அவர் போட்ட சட்டம். ஆபீஸுக்கும் அதையே வைத்திருந்தார். செக்ஷனில் எது நடந்தாலும் ஹெட்டோடுதான் பேச்சு. மற்றவன் வாய் திறந்தால், "கிளீனர், சும்மா இரு" என்பார்.

கம்ப்யூட்டர் என்று ஒன்று பம்பாய்க்கு வந்திருக்கிறது, லாரிக்குக் கிட்டத்து வழி எது என்று அது சொல்லிவிடும், டீசல் மிச்சமாகும் என்று யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். சேட் ஆபீஸ் நடுவில் வந்து நின்று, "கம்ப்யூட்டர் யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார். அங்கே யாருக்கும் அது உயரமா குட்டையா என்றுகூடத் தெரியாது. கண்ணாடி கழன்றது.

அவரையும், பை தூக்க என்னையும் ஒரு கோர்ஸுக்கு அனுப்பினார்கள். அவர் முன் வரிசையில் உட்கார்ந்து வாத்தியார் கேட்காத கேள்விக்கும் பதில் சொன்னார். நான் பின் வரிசையில் உட்கார்ந்து பாதி புரியாமல் எழுதிக்கொண்டேன். திரும்பி வந்து ஒரு புரோகிராம் எழுதினார். வயிற்றெரிச்சலோடுதான் சொல்கிறேன், அது ஓடியது. நன்றாகவே ஓடியது.

மெஷின் எங்களுடையதல்ல. வேறொரு பெரிய இடத்தில் ஏர்கண்டிஷன் அறைக்குள் சாமி மாதிரி இருந்தது. தினமும் மத்தியானம் கொஞ்ச நேரம் வாடகைக்கு எடுத்திருந்தோம். செருப்பை வெளியே விட்டுவிட்டுப் போக வேண்டும். புரோகிராமும் கணக்கும் எல்லாம் அட்டையில் ஓட்டை போட்ட கார்டுகள். அந்தக் கார்டு டிரேயை மடியில் வைத்து டாக்சியில் கொண்டுபோவது என் உத்தியோகம். டிரே கவிழ்ந்து கார்டு வரிசை மாறிவிட்டால் தற்கொலை உத்தமம்.

புரோகிராம் செய்த வேலையை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். எங்கள் லாரி போகும் ஊர்களுக்கெல்லாம் நம்பர். பம்பாய் ஒன்று. எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் நடுவே ரோடு, எவ்வளவு தூரம் என்பதற்கு ஒவ்வொரு கார்டு. மெஷின் பம்பாயிலிருந்து கிளம்பி எல்லாப் பக்கமும் பரவி, ஒவ்வொரு ஊருக்கும் மிகக் கிட்டத்து வழியைக் கண்டுபிடிக்கும். கண்டுபிடித்து, அந்த ஊர் பேரில் 'இதற்கு முந்தின ஊர் எது' என்று ஒரு நம்பரை எழுதி வைக்கும். கடைசியில் வழியை அச்சடிக்க, போய்ச் சேர வேண்டிய ஊரிலிருந்து பின்னோக்கி நடக்கும். உனக்கு முந்தினவன் யார்? அவனுக்கு முந்தினவன் யார்? இப்படிக் கேட்டுக்கொண்டே ஒன்றாம் நம்பர் பம்பாய்க்கு வந்து சேர்ந்தால் வேலை முடிந்தது. குளிர்காலம் முழுக்கவும் கோடை முழுக்கவும் ஒரு தடங்கலும் இல்லை. அவர் நடையே மாறிவிட்டது. வெற்றிலைக் கடைக்காரனுக்கும் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுத்தார்.

மழை வந்தது. கொங்கணில் கழிமுகங்களைத் தாண்டி லாரியை அக்கரை சேர்க்கும் ஃபெர்ரிகளை ஜூன் மாதம் நிறுத்திவிடுவார்கள். அதனால் முதல் மழை பெய்த அன்று ஃபெர்ரிக் கார்டுகளைக் கட்டிலிருந்து உருவிவிட வேண்டும் என்று ஏற்பாடு. அவரே தம் கையால், அர்ச்சனைக்குப் பூ எடுப்பது மாதிரி ஒவ்வொன்றாக உருவினார்.

அன்று மத்தியானம் மெஷின் படுத்தது.

பாதி ஊர்களுக்கு வழியை அடித்துவிட்டு, சடாரென்று நின்றது. சிவப்பு விளக்கு எரிந்தது. மெமரியில் அந்த நிமிஷம் என்ன இருந்ததோ அதையெல்லாம் முழம் முழமாகக் காகிதத்தில் எண்களாகக் கக்கியது. கேட்கக்கூடாத இடத்தில் போய் மெமரியைக் கேட்டிருக்கிறது என்று அர்த்தம் என்றார் அங்கிருந்த ஆபரேட்டர். மறுநாள் சோதனைக்காக இரண்டு கார்டு சேர்த்துப் போட்டோம். நிற்கவில்லை. அதற்குப் பதிலாக நாசிக், நாசிக், நாசிக் என்று காகிதம் தீரும் வரை அடித்தது. மூன்றாம் நாள் ஒரு கார்டை எடுத்தோம். மறுபடி சிவப்பு விளக்கு.

அவருக்கு ஒவ்வொரு நாளும் ஒரு பதில் இருந்தது.

"சிம்பிள் ஓய். மழைக்காலம். கார்டு ஈரம் குடிச்சிருக்கு."

கார்டுகளை இஸ்திரி போடாத குறையாகக் காயவைத்தோம்.

"வோல்டேஜ் ஓய். பம்பாய் கரண்ட்டு இப்போ முன்ன மாதிரி இல்லை."

ஆபரேட்டர் அவரை ஒரு பார்வை பார்த்தார். கண்ணாடி கழன்றிருந்ததால் அது வீணாயிற்று.

நான் என் பங்குக்கு என் மட்டமான மூளையை உபயோகித்தேன். எல்லா ஊரையும் கேட்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டுப் பார்த்தேன். நாற்பத்தேழாம் நம்பர் ஊரைக் கேட்காமலிருந்தால் எல்லாம் சுகம். கேட்டால் சிவப்பு விளக்கு. ஏதோ பெரிதாகச் சாதித்துவிட்ட நினைப்பில் ஓடிப்போய் அவரிடம் சொன்னேன்.

"அப்படிப் போடும்! அப்போ நாற்பத்தேழோட கார்டைத் தப்பா அடிச்சிருக்கா அந்தப் பொண்ணு" என்றார்.

அந்தப் பொண்ணு எஸ்தர். எங்கள் பஞ்ச் ரூமில் கார்டில் ஓட்டை போடும் மெஷினில் வேலை. தாராவிப் பெண், அவள் வாயைத் திறந்தால் திருநெல்வேலி பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். இன்னும் டெம்பரரி. அந்த மாதம்தான் சேட் அவளை நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டும். அவள் அப்பாவுக்குத் தோல் பதனிடும் ஷெட்டில் கூலி வேலை. மழைக்காலத்தில் தோல் காயாது. தோல் காயாவிட்டால் கூலி கிடையாது. மழை விடும் வரை அந்த வீட்டு அடுப்பு எஸ்தரின் விரலில்தான் எரிந்தது.

நான் கண்டுபிடித்துக் கொடுத்த நாற்பத்தேழு நேரே போய் அவள் தலையில் விழுந்தது. உதவி என்று நான் எதைச் செய்தாலும் அது இப்படித்தான் போய் முடியும்.

இரண்டு நாள் கழித்து அவள் என் மேஜைக்கு வந்தாள்.

"என்ன சார், பெரிய சார் என் மேல எழுதிக் குடுத்துட்டாவளாமே? வேலைக்கு லாயக்கில்லன்னு?"

"யார் சொன்னா?"

"அதை டைப் அடிச்ச அக்காதான் சொன்னாவ. எல்லாக் கார்டையும் திரும்ப அடிச்சாச்சு. வெரிஃபையர்ல வேற ஆளு உக்காந்து தட்டிப் பாத்தாச்சு. ஒரு ஓட்டை மாறல. இன்னும் என்னத்தச் செய்யச் சொல்லுதீய?"

நான் அவரிடம் போனேன். "சார், அந்தப் பொண்ணு ரெண்டாவது தடவை அடிச்ச கார்டும் முதல்ல அடிச்சதும் ஒண்ணுபோல இருக்கு. வெரிஃபையரும் சரின்னு சொல்லுது."

"அதான் ஓய். ரெண்டு தடவையும் ஒரே தப்பைப் பண்ணியிருக்கா. வெரிஃபையர்ல உக்காந்தவளும் அதே தப்பைப் பண்ணியிருக்கா."

"மூணு தடவையுமா சார்?"

"பழக்கம் ஓய். கை பழகிடும்."

வெள்ளிக்கிழமை சேட் விசாரிக்கப் போவதாகச் செய்தி வந்தது. பஞ்ச் ரூமிலிருந்து வரும் எஸ்தரின் தடதட சத்தம் கொஞ்சம் வேகமாயிற்று.

புரோகிராம் அச்சடித்த காகிதத்தை எடுத்துக்கொண்டு மாட்டுங்காவில் ஒரு ஹோட்டலுக்குப் போய் மூலை மேஜையில் உட்கார்ந்தேன். மெஷினாக நடிப்பது என்று தீர்மானம். அதாவது மெஷின் என்ன செய்யுமோ அதை ஒரு வரி ஒரு வரியாக நானே பென்சிலால் செய்து பார்ப்பது. மெஷினுக்கும் எனக்கும் புத்தி ஏறக்குறைய ஒரே அளவு என்பதால் இது எனக்குக் கைவந்தது.

பரப்பிக்கொண்டே போனேன். பூனா வந்தது. கோலாப்பூர் வந்தது. நாற்பத்தேழு வரவேயில்லை. அது கழிமுகத்துக்கு அக்கரையில் ஒரு சின்னத் துறைமுக ஊர். அங்கே லாரி போக எங்களிடம் இருந்த ஒரே ரோடு அந்த ஃபெர்ரி. அந்தக் கார்டைத்தான் அவர் பூப்போல உருவிவிட்டாரே. நாற்பத்தேழின் பேரில் 'முந்தின ஊர் எது' என்ற இடத்தில் ஆரம்பத்தில் போட்டுவைத்த பூஜ்யம் அப்படியே உட்கார்ந்திருந்தது.

சரி, வழி இல்லை. இப்போது புரோகிராம் என்ன செய்கிறது? நாற்பத்தேழைப் போய்க் கேட்கிறது: உனக்கு முந்தினவன் யார்? பூஜ்யம் என்கிறது அது. அடுத்த வரியில் புரோகிராம் வெகு தைரியமாகப் பூஜ்யத்தைத் தேடிப் போகிறது.

பம்பாய் சால் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். நீள வராந்தா, வரிசையாக ஒற்றை அறைகள், அறைக்கு அறை நம்பர். மெஷினின் மெமரி அப்படித்தான். அறைகள் ஒன்றிலிருந்து ஆரம்பம். பூஜ்யம் என்று அறை கிடையாது. ஒன்றாம் அறைக்கு முன்னால் இருப்பது பொதுக் கக்கூஸ். எங்கள் புரோகிராம் போய் அந்தக் கதவைத் தட்டி, "ஐயா, பம்பாய்க்கு எப்படிப் போகணும்?" என்று கேட்கிறது. உள்ளே வேறு காரியமாக உட்கார்ந்திருக்கிற ஏதோ ஒரு எண் எதையோ சொல்லித் தொலைக்கிறது. கார்டைக் கூட்டிக் குறைக்கும்போதெல்லாம் உள்ளே உட்காருகிற எண்ணும் மாறும். ஒரு நாள் அது நாசிக்கில் கொண்டுபோய் விட்டுச் சுற்ற வைக்கிறது. ஒரு நாள் அறுபதினாயிரத்துச் சொச்சமாம் அறை என்கிறது. அங்கே போனால் சால் எப்போதோ முடிந்து சாக்கடை. சிவப்பு விளக்கு.

சிரித்ததில் காபி மூக்கில் ஏறிவிட்டது. சர்வர் முதுகில் தட்டினார். அவருக்கு எப்படி விளக்குவது? வழி இல்லை என்று சொல்ல ஒரே ஒரு வரி போதும். அந்த ஒரு வரியை எழுதவே தோன்றாத மனிதர் பம்பாயில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர்தான் எங்கள் புரோகிராமை எழுதியிருந்தார். வேறு யார் எழுதியிருந்தாலும் நாற்பத்தேழு அந்த மழைக்காலம் நிம்மதியாக இருந்திருக்கும். பெற்ற பிள்ளைகள்கூட அவரை அவ்வளவு உரித்து வைக்கவில்லை.

மறுநாள் காலையில் ஆபீஸில் அவரிடம் பென்சில் காகிதத்தைப் பரப்பினேன். ஒவ்வொரு வரியாகக் கேட்டார். பூஜ்யம் வந்த இடத்தில் விரல் நின்றது. அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. பிறகு கண்ணாடி கழன்றது.

"இது எனக்கு முன்னாடியே தெரியும் ஓய். நீர் கண்டுபிடிக்கறீரான்னு பாத்துண்டிருந்தேன்."

எனக்குக் கோபம் வந்தால் விக்கல் வரும். விக்கிக்கொண்டே கேட்டேன். "அப்போ எஸ்தர் சார்?"

"அது வேற. அது அட்மினிஸ்ட்ரேஷன்."

"அவ வேலை போயிடும் சார். வெள்ளிக்கிழமை சேட் கேக்கப் போறாரு. நீங்க எழுதினதுதான் அவர் கையில இருக்கு."

"எழுதினது எழுதினதுதானே ஓய். இப்போ போய் மாத்தினா, அப்போ ஏன் அப்படி எழுதினேன்னு கேப்பான். என்ன சொல்றது?"

"தப்பு நம்மதுன்னு சொல்லலாம்."

நான் ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்டது போல அவர் சுற்றுமுற்றும் பார்த்தார்.

'முந்தின ஊர் பூஜ்யமானால், வழி இல்லை என்று அடித்துவிட்டு அடுத்த ஊருக்குப் போ' என்பதற்கான கார்டை எஸ்தரிடமே கொடுத்து அடிக்கச் சொன்னேன். விஷயம் முழுவதையும் அவளிடம் சொன்னேன், கக்கூஸ் உட்பட. அவள் சிரிக்கவில்லை.

"ரோடு இல்லன்னா இல்லன்னு சொல்லிட்டுப் போவ வேண்டியதுதானே. இதுக்கா சார் என் பொழைப்புல கைய வச்சாவ?"

கார்டை அடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு என் கையில் கொடுத்தாள். "இதையும் தப்பா அடிச்சிட்டேன்னு சொல்லப்போறாவ. நீங்களே ஒரு தடவை பாத்துக்கிடுங்க."

அன்று மத்தியானம் புரோகிராம் முதலிலிருந்து கடைசி வரை ஓடியது. நாற்பத்தேழுக்கு எதிரே 'வழி இல்லை' என்று பெரிய எழுத்து ஆங்கிலத்தில் விழுந்தது. அவர் அந்த வரியைச் சீட்டாட்டத்தில் தோற்றவர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை சேட்டின் கேபினில் நான்கு பேர். சேட், அவர், நான், கார்டு டிரேயை இடுப்பில் வைத்துக்கொண்டு எஸ்தர். அவளைக் கூப்பிட்டார்களே தவிர டிரேயைக் கொண்டுவரச் சொல்லவில்லை. டிரேயை அவளாகத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். சேட் இந்தியில்தான் பேசுவார். காகிதத்தில் நாற்பத்தேழைப் பார்த்தார்.

"மழைக்காலத்துல அங்கே வழி கிடையாது. இதைச் சொல்ல மெஷினுக்கு இவ்வளவு நாள் ஆச்சா?" என்றார். பிறகு டைப் அடித்த தாளை எடுத்தார். "இந்தப் பொண்ணு தப்பா கார்டு அடிச்சான்னு எழுதியிருக்கே. இவளை அனுப்பிடலாமா? சொல்லு, இன்னிக்கே கணக்கு முடிக்கறேன்."

எஸ்தர் டிரேயை மேஜை மேல் வைத்தாள். அவளுடைய இந்தி தாராவி இந்தி, பயம் தெரியாதது.

"எந்தக் கார்டுன்னு காட்டச் சொல்லுங்க சேட். எல்லாம் இதுல இருக்கு."

நான் அப்போதுதான் என் வாழ்க்கையின் ஒரே வீரச் செயலில் இறங்கினேன். "சேட், அது கார்டு இல்ல, புரோகிராம்ல..."

"கிளீனர், சும்மா இரு" என்றார் சேட். என் வீரம் அரை வாக்கியத்தில் முடிந்தது. விக்கல் மட்டும் பாக்கி இருந்தது.

சேட் அவரைப் பார்த்தார். "இப்போ ஓடினது இதே கார்டுதானா? இல்ல, புதுசா அடிச்சதா?"

"இதேதான் சேட்ஜி. ஒண்ணே ஒண்ணு கூடச் சேத்தோம்."

"அப்போ இவ கார்டு சரி. தப்பு எங்கே இருந்தது? யாரு பண்ணினது?"

அவர் கை கண்ணாடிக்குப் போனது. கழற்றவில்லை; தொட்டுவிட்டுத் திரும்பியது. எஸ்தர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி போட்டிருந்ததால் அவருக்கு அது நன்றாகத் தெரிந்திருக்கும். அவள் பேரைச் சொன்னால் அவள் கார்டைக் காட்டச் சொல்வாள். தம் பேரைச் சொல்ல நாக்கு புரளாது. மாட்டுங்காவிலிருந்து மஸ்ஜித் பந்தர் வரை எத்தனை பேருக்கு எத்தனை வழி சொன்னவர்; தமக்கு ஒரு வழி தெரியாமல் நின்றார்.

"நஹீ மாலூம், சேட்ஜி."

தெரியாது. சொல்லிவிட்டார். எனக்கு விக்கல் நின்றுவிட்டது. அவர் ஆயுளில் சொன்ன முதல் 'தெரியாது' அது. அதுவும் பொய். ஆயுள் முழுக்க அவரிடம் கேட்ட கேள்விகளில், விடை அவருக்கு முழுசாகத் தெரிந்த ஒரே கேள்வி அதுதான்.

சேட் தாளை மடித்து டிராயரில் போட்டார்.

"செக்ஷன் ஹெட்டுக்கே தெரியாதுன்னா நான் யாரை அனுப்பறது? கண்டுபிடிச்சிட்டு வந்து சொல்லு. அது வரைக்கும் பொண்ணு இருக்கட்டும், பெர்மனென்ட்டா."

வெளியே வந்ததும் அவர் என்னிடம், "சிம்பிள் ஓய்..." என்று ஆரம்பித்தார். முடிக்காமலே டாய்லெட் பக்கம் போய்விட்டார். எஸ்தரிடம் நான், "எப்படியோ வேலை நிலைச்சுது பாத்தியா" என்றேன். ஏதோ நான் காப்பாற்றிக் கொடுத்தது போல.

"நிலைச்சுது சார். ஆனா, என் மேல தப்பில்லன்னு ஒரு வார்த்தை சொன்னாவளா பாத்தீயளா?" என்று சொல்லிவிட்டு டிரேயைத் தூக்கிக்கொண்டு போனாள்.

பிற்பாடு இந்தக் கதையை நான் சொல்லக் கேட்டவர்களில் சில நல்ல மனிதர்கள், அவர் அந்தப் பெண்ணுக்கு இரக்கப்பட்டுத்தான் அப்படிச் சொன்னார் என்பார்கள். நானும் கொஞ்ச நாள் அப்படி நினைக்க முயற்சி செய்தேன், ஜீரணமாகவில்லை. தப்பு என்னுடையது என்பதைவிடத் தெரியாது என்பது அவருக்குக் கொஞ்சம் குறைவாகக் கசந்தது. அவ்வளவுதான். அந்தக் கசப்பின் இடுக்கில் ஒரு குடும்பம் சாப்பிட்டது.

சேட்டுக்கு உண்மை தெரியாது என்று நினைக்கிறீர்களா? லாரி ஓட்டியவர், எந்த டிரைவர் எங்கே தூங்கினான் என்பதை டயரைப் பார்த்தே சொல்லுவார். அவருக்கு மறதியும் கிடையாது. நான் அந்தக் கம்பெனியை விடும் வரை, எங்கள் செக்ஷன் வழியாகப் போகும்போதெல்லாம் வராந்தாவில் நின்று, எல்லோர் காதிலும் விழும்படி, "க்யா பாபு, பதா சலா?" என்று கேட்பார். என்னப்பா, கண்டுபிடித்தாயா? கண்டுபிடித்துவிட்டேன் என்றால் யார் என்று சொல்ல வேண்டும். ஆகவே அவர் எழுந்து நின்று, வெள்ளைச் சட்டையும் பேனாவுமாக, "நஹீ மாலூம், சேட்ஜி" என்பார். மாதத்துக்கு ஒரு தடவையாவது இது நடக்கும்.

சேட்டின் குரல் வராந்தாவில் கேட்டதும் பஞ்ச் ரூமில் எஸ்தரின் மெஷின் நின்றுவிடும். அவர் பதில் சொல்லி உட்கார்ந்த பிறகுதான் மறுபடி தடதடவென்று ஆரம்பிக்கும்.